சரிவு மனையில் வார இறுதி வீடு: பிளானுக்கு முன்னால் செக்‌ஷன்

சமதளத்துக்கு வரைந்த ஒரு நல்ல பிளானை எடுத்து வந்து சரிவில் வைத்தால், அந்தப் பிளானைக் காப்பாற்றவே மனையை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய இடத்துக்குச் சுவர், சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீருக்கு வடிகால், வடிகாலுக்கு வழி என்று வேலை நீண்டுகொண்டே போகும். சரிவில் முதலில் வரைய வேண்டியது செக்‌ஷன். வீட்டையும் மண்ணையும் சேர்த்து, மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி நறுக்கினால் கிடைக்கும் குறுக்குவெட்டுப் படம் அது. அதைச் சரியாக வரைந்துவிட்டால், எந்த அறை எங்கே என்ற கேள்விக்குப் பாதி விடை தானாகவே வந்துவிடும்.

வார இறுதி வீட்டுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. வாரத்தில் ஐந்து நாள் அங்கே ஆள் இல்லை. மோட்டார் நின்றாலும், கூரைக் கால்வாயில் இலை அடைத்தாலும், குழாய் கசிந்தாலும் அடுத்த சனிக்கிழமைதான் தெரியும். எனவே தினமும் கண் வைக்க வேண்டிய எந்த ஏற்பாடும் இந்த வீட்டுக்கு ஒத்துவராது. கீழே வரும் முடிவுகளில் பல இந்த இரண்டிலிருந்து பிறப்பவை.

மனையை அளப்பதும் படிப்பதும்

மேலே நின்று பார்க்கும்போது சரிவு இருப்பதைவிடச் செங்குத்தாகத் தெரியும். கண்ணை நம்பாமல் சர்வே எடுங்கள். மனை முழுவதற்கும் 0.5 மீட்டர் உயர இடைவெளியில் சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்), வீடு வரப்போகும் பகுதிக்கு 0.25 மீட்டர் இடைவெளியில். எல்லையோடு நிறுத்தாமல் மேட்டுப் பக்கம் இன்னும் 10 மீட்டராவது சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் அங்கிருந்துதான் வரும். சாலை விளிம்பின் மட்டம், மரங்களின் அடிமர விட்டம், வெளியே தெரியும் பாறை, ஓடை போன ‌தடம், ஊற்று, பக்கத்து மனைச் சுவர்கள் ஆகியவை படத்தில் இருக்க வேண்டும். அசையாத ஒரு பாறையிலோ கல்லிலோ நிரந்தர மட்டக்குறி ஒன்று போட்டுவிடுங்கள். கட்டி முடிக்கும்வரை எல்லா உயரமும் அதிலிருந்தே கணக்கிடப்படும்.

சர்வே வருவதற்கு முன் தோராயமாகத் தெரிந்துகொள்ள, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயே போதும். 15 முதல் 20 மீட்டர் நீளமுள்ள தெளிவான குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மேட்டிலும் மறுமுனையைப் பள்ளத்தில் ஊன்றிய கோலிலும் பிடித்தால் உயர வித்தியாசம் கிடைக்கும். அதைக் கிடைமட்டத் தூரத்தால் வகுத்தால் சரிவு. தரையோடு ஒட்டி அளந்த தூரத்தால் வகுப்பது வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் சரிவு குறைத்துக் காட்டப்படும்.

அடுத்தது மண். மேல், நடு, கீழ் என்று குறைந்தது மூன்று சோதனைக் குழிகள், ஒவ்வொன்றும் 2 முதல் 3 மீட்டர் ஆழம். குழியில் பார்க்க வேண்டியவை: எந்த ஆழம் வரை தளர்ந்த மண், எங்கே கெட்டி மண் அல்லது பாறை தொடங்குகிறது, எந்த ஆழத்தில் ஈரம் கசிகிறது. செங்கல் துண்டு, பிளாஸ்டிக், கருகிய மரம் என்று கலவையாக வந்தால் அது யாரோ கொட்டிய மண். அதன்மேல் அஸ்திவாரம் கிடையாது. பாறை அடுக்கடுக்காக இருந்தால் அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அடுக்கும் சரிவும் ஒரே திசையில் பள்ளம் நோக்கிச் சாய்ந்திருந்தால், அடிப்பகுதியை வெட்டும்போது மேலே உள்ள அடுக்கு வழுக்கி இறங்கும் ஆபத்து உண்டு.

மரங்களும் சாட்சி சொல்லும். அடிமரம் பள்ளம் நோக்கி வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருக்கும் மரங்கள் பல ஒரே இடத்தில் நின்றால், மேல்மண் மெல்ல நகர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தரையில் பிறை வடிவ விரிசல், சாய்ந்த வேலிக்கால், கோடையிலும் பச்சையாக இருக்கும் ஒரு திட்டு, வயிறு தள்ளிய பழைய சுவர் போன்றவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே மண்ணியல் பொறியாளரைக் கூப்பிடாமல் அடுத்த அடி எடுத்துவைக்கக் கூடாது. அப்படிப்பட்ட மனையை வாங்காமல் விடுவதே பல நேரம் மலிவான வழி.

ஆழம் பெருக்கல் சரிவு

செக்‌ஷனைத் தீர்மானிப்பது ஒரே ஒரு பெருக்கல். சரிவின் போக்கில் வீடு எவ்வளவு ஆழம் என்பதைச் சரிவு விகிதத்தால் பெருக்குங்கள். கிடைப்பது வீட்டின் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே தரை இறங்கும் உயரம்.

10 சதவீதச் சரிவில் 6 மீட்டர் ஆழமுள்ள வீட்டுக்குக் கீழே தரை 0.6 மீட்டர்தான் இறங்கும். அடித்தளத்தைச் சற்று உயர்த்தினாலே போதும், ஒரே மட்டத்தில் கட்டிவிடலாம். 25 சதவீதத்தில் அதே 6 மீட்டருக்கு 1.5 மீட்டர், அதாவது அரை மாடி. அரை மாடி வித்தியாசத்தில் தளங்களைப் பிரிக்கும் அமைப்பு இயல்பாகப் பொருந்தும் இடம் இது. 50 சதவீதத்தில் 3 மீட்டர், முழு மாடி. அங்கே சாலை மட்டத்தில் நுழைந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும் இரண்டு மாடி வீடு கிட்டத்தட்ட வெட்டாமலே உட்காரும். அதற்கும் மேல் செங்குத்தாகப் போனால், தரையை அதிகம் தொடாமல் தூண்களில் நிற்கும் இலகுவான எஃகு அல்லது மரச் சட்டக வீடுதான் யோசிக்கத் தக்கது.

இதிலிருந்து வரும் முதல் விதி: வீடு சம உயரக் கோட்டோடு நீளமாகவும், சரிவின் போக்கில் குறுகலாகவும் இருக்கட்டும். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம் என்று படுக்கும் வீட்டைத் திருப்பிப் போட்டால் அதே பரப்புக்கு வெட்டு இரட்டிப்பாகும்.

வீட்டைச் சம உயரக் கோட்டோடு ஓடும் இரண்டு பட்டைகளாகப் பிரித்து, இரண்டையும் வெவ்வேறு மட்டத்தில் வைப்பதென்றால் கணக்கு சற்று வேறு. இரண்டு தளங்களுக்கும் இடையே வைக்கும் உயர வித்தியாசம், பட்டைகளின் நடுக்கோடுகளுக்கு இடையிலான தூரத்தைச் சரிவால் பெருக்கினால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம்.

25 சதவீதச் சரிவு, சாலை மேட்டுப் பக்கம். மேல்பட்டை 4.5 மீட்டர் ஆழம், கீழ்ப்பட்டை 6 மீட்டர், வீட்டின் நீளம் 12 மீட்டர். மொத்தம் 126 சதுர மீட்டர். நான்கு முதல் ஆறு பேர் தங்கும் குடும்பத்துக்கு ஏராளம். நடுக்கோடுகளின் இடைவெளி 5.25 மீட்டர், எனவே தள வித்தியாசம் சுமார் 1.3 மீட்டர். அதை 1.35 என்று வைத்தால் 150 மி.மீ. உயரத்தில் சரியாக 9 படி. மிதி 300 மி.மீ. என்றால், கடைசி மிதி மேல்தளமே என்பதால், 8 மிதிக்கு 2.4 மீட்டர் நீளம் போதும். வீட்டின் மேல் விளிம்பில் உள்ள இயற்கைத் தரையைச் சுழியம் என்று எடுத்தால், மேல்தளம் −0.30, கீழ்த்தளம் −1.65.

இப்போது வெட்டைப் பாருங்கள். பின்விளிம்பில், அதாவது மேட்டுப் பக்கம், 0.3 மீட்டர். பட்டைகள் சேரும் இடத்தில் தரை −1.125, கீழ்த்தளம் −1.65, ஆகவே வெட்டு 0.53 மீட்டர். முன் விளிம்பில் தரை −2.63, எனவே கீழ்த்தளம் தரையைவிட ஏறத்தாழ 1 மீட்டர் உயர்ந்து நிற்கும். இதே 10.5 மீட்டர் ஆழத்தை ஒரே மட்டத்தில் கட்டியிருந்தால் பின்னால் 1.3 மீட்டர் வெட்டும், முன்னால் 1.3 மீட்டர் உயரமும் வந்திருக்கும். மண் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 0.53 மீட்டர் சுவரைவிட 1.3 மீட்டர் சுவர் தாங்க வேண்டிய விசை சுமார் ஆறு மடங்கு. ஒன்பது படிகள் செய்யும் வேலை இது.

முன் விளிம்பு 1 மீட்டர் உயர்ந்து நிற்பதைப் பார்த்ததும், "கீழே இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு அறை கிடைக்குமே" என்று யாராவது சொல்வார்கள். கிடைக்கும், ஆனால் அதற்காக 2 மீட்டருக்குக் கிட்டத்தட்ட வெட்டி, மூன்று பக்கமும் மண்ணுக்குள் புதைந்த ஒரு நிலவறையைக் கட்டுவீர்கள். வாரம் முழுக்க மூடிக் கிடக்கும் வீட்டில் அந்த அறையில் முதலில் குடியேறுவது பூஞ்சைதான். தோட்டக் கருவிகளுக்கு அந்த 1 மீட்டர் உயரமே போதும்.

கூரையையும் இதே படத்தில் முடித்துவிட வேண்டும். கூரைத் தண்ணீரை மேட்டுப் பக்கம் விழவிடாதீர்கள். ஏற்கெனவே தண்ணீர் தேங்க நினைக்கும் இடம் அது. இரண்டு சாய்வுகள் நடுவில் சந்திக்கும் பள்ளக் கூரையும் வேண்டாம், இலை அடைத்தால் அள்ள ஆள் இல்லை. இந்த உதாரணத்துக்கு ஒரே சாய்வாக, 10-க்கு 1 இறக்கத்தில், பள்ளம் நோக்கிப் போகும் கூரை சரியாக அமையும். முன் விளிம்பில் உள்கூரை கீழ்த்தளத்திலிருந்து 3.15 மீட்டர் உயரம். பட்டைகள் சேரும் இடத்தில் மேல்தளத்திலிருந்து 2.40, பின்சுவரில் 2.85. மேல்தளத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவரின் கண் சுமார் +0.9 மீட்டரில் இருக்கும், முன் கண்ணாடியின் மேல் நுனி +1.2-க்கு மேலே. ஆகவே கூடத்தின் தலைக்கு மேலாக அல்லாமல், கூடத்தின் ஊடாகவே பள்ளத்தாக்கும் அடிவானமும் தெரியும். கீழ்ப்பட்டைக்கு வழக்கமான 2.4 மீட்டர் உயரக் கண்ணாடி வைத்திருந்தால் அதன் மேல்சட்டம் +0.75-இல் வந்து, கண்ணுக்கு நேராகக் குறுக்கிட்டிருக்கும். கண்கோட்டைச் செக்‌ஷனில் வரையாமல் விடும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும், கட்டி முடிந்த பிறகு திருத்தவும் முடியாது.

எந்த அறை எந்த மட்டத்தில்

சாலை மேலே என்றால் வாசல், சமையல், சாப்பாடு, ஒரு படுக்கையறை, ஒரு கழிப்பறை இவை ஐந்தும் வாசல் மட்டத்தில். மூட்டுவலி உள்ள தாத்தாவோ, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு இரவில் வந்து இறங்குபவரோ படி ஏறாமல் இறங்காமல் எல்லாம் முடிய வேண்டும். கூடமும் மற்றப் படுக்கையறைகளும் கீழே. சாலை கீழே இருந்தால் இது தலைகீழாகும்: வண்டி நிறுத்தமும் சாமான் அறையும் கீழ்மட்டத்தில், மற்ற எல்லாம் மேலே. அங்கே படியில்லாமல் வீட்டுக்குள் போக வழி செய்வது கடினம். சாய்தளம் 12-க்கு 1 என்றால் 1.5 மீட்டர் ஏற 18 மீட்டர் நீளம் வேண்டும், நடுவில் இளைப்பாறும் தளங்கள் தனி. அதனால்தான் ஒரே விலையில் இரண்டு மனை கிடைத்தால் சாலை மேட்டில் உள்ளதை எடுப்பது நல்லது, சாக்கடையைப் பற்றிய ஒரு எச்சரிக்கையோடு. அது பின்னால் வரும்.

மண்ணோடு ஒட்டிய சுவர்ப் பக்கம் படுக்கையறையை வைக்காதீர்கள். படிக்கட்டு, அலமாரி, சாமான் அறை, குளியலறை இவற்றை அந்தப் பக்கம் ஒதுக்கினால் ஈரம் வந்தாலும் பாதிப்பு குறைவு. பள்ளப் பக்கம் மட்டும் ஜன்னல் வைத்தால் காற்று உள்ளே வந்து வெளியேற வழியில்லை. மேட்டுப் பக்கச் சுவரின் உச்சியில் 400 முதல் 600 மி.மீ. உயரத்தில் திறக்கக்கூடிய மேல்ஜன்னல் வரிசை ஒன்று கொடுங்கள். பின்புறத்து வெளிச்சமும் அதிலேயே கிடைத்துவிடும்.

வீட்டுக்குள் ஒற்றைப் படி வேண்டாம். அழகுக்காக ஒரு படி, இரண்டு படி இறக்கம் வைக்கும் இடங்களில்தான் ஆட்கள் தடுக்கி விழுவார்கள், அதுவும் வாரம் ஒருமுறை மட்டும் வரும் வீட்டில் கால் அதைப் பழகிக்கொள்வதே இல்லை. மட்ட வித்தியாசம் வேண்டுமென்றால் மூன்று படியாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் சமமாகவே விடுங்கள்.

வெட்டு, நிரப்பு, தாங்குசுவர்

மேட்டில் வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் நிரப்பி மேடை கட்டி, அதன்மேல் வீட்டை வைப்பது பார்க்கச் சிக்கனமாகத் தெரியும். வீட்டின் பாதி வெட்டிய கெட்டித் தரையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால், நிரப்பிய பக்கம் மட்டும் அமுங்கும். விரிசல் சரியாக அந்த எல்லைக்கோட்டில் ஓடும். நிரப்பிய மண் தோட்டத்துக்கும் வெளித்திண்ணைக்கும் மட்டும். வீட்டின் ஒவ்வொரு ஃபுட்டிங்கும் (தூணுக்கோ சுவருக்கோ அடியில் வரும் அகலமான அஸ்திவார அடி) இயற்கையான கெட்டி மண்ணைத் தொட வேண்டும்.

தோண்டிய மண் உதிர்ந்து 20 முதல் 30 சதவீதம் பெருகும். 100 கன மீட்டர் வெட்டினால் லாரியில் ஏற்ற வேண்டியது 125 கன மீட்டர். ஒப்பந்தத்தில் எந்த அளவை வைத்துக் கணக்கு என்று முன்பே எழுதிக்கொள்ளாவிட்டால் தகராறு நிச்சயம்.

தாங்குசுவரைப் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் கட்ட வேண்டும். ஆனால் வடிவமைக்கும் கட்டத்திலேயே இடம் ஒதுக்க இந்த அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். கான்கிரீட் தாங்குசுவரின் அடித்தளம் சுவர் உயரத்தில் 0.5 முதல் 0.7 பங்கு அகலம் கேட்கும். 3 மீட்டர் சுவருக்கு ஏறக்குறைய 2 மீட்டர். படத்தில் 230 மி.மீ. கோடாகப் போட்டுவிட்டுப் பிறகு இடம் தேடும் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பெரிய சுவருக்குப் பதிலாக இரண்டு சிறிய சுவர்கள் என்றால், இரண்டுக்கும் நடுவே கீழ்ச்சுவர் உயரத்தைப் போல் இரு மடங்காவது இடைவெளி வேண்டும். நெருக்கி வைத்தால் மேல்சுவரின் பாரமும் கீழ்ச்சுவர் மேலேயே வந்து விழும்.

சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் மண் அல்ல, தண்ணீர். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் வடிகாலுள்ள மணற்பாங்கான மண் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தோராயமாக 2.7 டன் தள்ளும். அதே மண்ணில் உச்சிவரை தண்ணீர் நின்றால் அது சுமார் 6 டன்னாகும். சுவர் அப்படியேதான் இருக்கிறது, அடைத்துக்கொண்ட ஒரு குழாய்தான் வித்தியாசம். அதனால் பின்புற வடிகாலில் சிக்கனம் பிடிக்காதீர்கள். சுவருக்குப் பின்னால் 300 மி.மீ. அகலத்துக்குக் கழுவிய ஜல்லி, அதன் அடியில் 100 மி.மீ. துளையிட்ட குழாய் 100-க்கு 1 சாய்வில், ஜல்லி முழுவதையும் சுற்றி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. துணி இல்லையென்றால் சில மழைக்காலங்களில் ஜல்லியின் இடுக்குகளில் நுண்மண் புகுந்து அடைத்துவிடும். குழாயின் மேட்டுமுனையைத் தரைக்கு மேலே கொண்டு வந்து மூடி போட்டுவைத்தால், தண்ணீர் பாய்ச்சிக் கழுவ முடியும். சுவரில் 75 முதல் 100 மி.மீ. கசிவுத் துளைகள் 1.5 முதல் 2 மீட்டருக்கு ஒன்று. மழை முடிந்தும் துளையில் ஈரமே இல்லை என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம். வடிகால் குழாய் வேலை செய்கிறதா, அல்லது துளை அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.

பின்நிரப்பு மண்ணை 150 முதல் 200 மி.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றாகக் கெட்டிக்க வேண்டும். களிமண் ஈரத்தில் வீங்கிச் சுவரைத் தள்ளும், பின்நிரப்புக்கு ஆகாது. சுவருக்கு அருகே கனரக ரோலரை ஓட்டினால் சுவரே விலகும், அங்கே கையால் தள்ளும் சிறு இயந்திரம்தான்.

வீட்டுச் சுவரே மண் தாங்கும் சுவராக இருந்தால் நீர்த்தடுப்பு வெளிப்புறத்தில், மண் படும் பக்கத்தில் வர வேண்டும். அதன்மேல் பாதுகாப்புப் பலகை, பிறகு ஜல்லி. வடிகால் குழாய் உள்தரை மட்டத்துக்குக் கீழே ஓட வேண்டும். அதற்கு மேலே வைத்தால் தண்ணீர் முதலில் தரை வழியாக உள்ளே வந்துவிட்டுத்தான் குழாயைத் தேடும். உள்பக்கம் பூசும் ரசாயனங்கள் கறையை மறைக்குமே தவிரத் தண்ணீரை நிறுத்தாது.

அஸ்திவாரம்

சரிவில் அஸ்திவாரம் படிப்படியாக இறங்கும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஃபுட்டிங்குகளின் அடி விளிம்புகளை இணைக்கும் கோடு, 2 மீட்டர் கிடைத் தூரத்துக்கு 1 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. அதைவிடச் செங்குத்தானால் மேல் ஃபுட்டிங்கின் பாரம் கீழுள்ளதைப் பக்கவாட்டில் தள்ளும். ஃபுட்டிங்கின் அடி விளிம்பிலிருந்து சரிவின் மேற்பரப்பு வரை கிடைமட்டமாக மண்ணில் 90 செ.மீ., பாறையில் 60 செ.மீ. குறைந்தபட்சம் இருக்க வேண்டும். தளர்ந்த மேல்மண்ணை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நிலநடுக்கம் வரக்கூடிய பகுதியில் இன்னொரு பொறி உண்டு. மேட்டுப் பக்கத் தூண்கள் குட்டை, பள்ளப் பக்கத் தூண்கள் நெட்டை. தூணின் விறைப்பு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும்; 1.5 மீட்டர் தூண் 3 மீட்டர் தூணைவிட எட்டு மடங்கு விறைப்பு. வீடு குலுங்கும்போது விசையில் பெரும்பகுதியைக் குட்டைத் தூண் வாங்கிக்கொண்டு முதலில் வெடிக்கும். ஆகவே குட்டைத் தூண்களில், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி வரும் ரிங் கம்பிகளை முழு நீளத்துக்கும் நெருக்கமாகக் கட்ட வேண்டும். இரு திசையிலும் இணைப்பு பீம்கள் வேண்டும், நெட்டைத் தூண்கள் உள்ள பக்கம் கான்கிரீட் சுவரோ குறுக்கு எஃகுப் பிணைப்போ கொடுத்து விறைப்பைச் சமப்படுத்த வேண்டும். "தூண் சின்னதுதானே, கம்பியைக் குறைக்கலாம்" என்று தளத்தில் எடுக்கப்படும் முடிவு மிக ஆபத்தானது.

தண்ணீரின் வழி

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். வீட்டுக்கு மேலே 1,000 சதுர மீட்டர் சரிவு இருந்து, மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை பெய்து, பாதி ஓடி வந்தால் மணிக்கு 50,000 லிட்டர். விநாடிக்கு ஏறத்தாழ 14 லிட்டர் உங்கள் பின்சுவரை நோக்கி வருகிறது. அதை வீட்டுக்கு வருவதற்குள் பிடித்து, பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். பின்சுவரிலிருந்து 2 முதல் 3 மீட்டர் தள்ளி, சம உயரக் கோட்டுக்குச் சற்றே சாய்வாக ஒரு மறிப்புக் கால்வாய். 300 மி.மீ. அகலம், 300 மி.மீ. ஆழம், 100-க்கு 1 சாய்வு. மேலே சொன்ன அளவுக்கு இது அதிகம்தான், ஆனால் இலையும் வண்டலும் பாதியை எடுத்துக்கொள்ளும். மூடி போட்டால் உள்ளே அடைத்தது தெரியாது, திறந்தே இருக்கட்டும். கால்வாய்க்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தரையும் வீட்டை நோக்கிச் சாயாமல், 20-க்கு 1 வீதம் சுவரைவிட்டு விலகிச் சாய வேண்டும். உள்தரை வெளித்தரையைவிட 150 மி.மீ. உயரத்தில். உதாரண வீட்டின் பின்புறத்தில் வெட்டு 0.3 மீட்டர்தான் என்றாலும், இந்த மட்டங்களுக்காக ஒரு மீட்டருக்கு மேல் அகலமான பின்முற்றம் ஒன்றை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வெட்ட வேண்டியிருக்கும். பின்னால் உள்ள சிறு சுவரின் உயரத்தில் அதையும் சேருங்கள்.

கூரைத் தண்ணீர் தனி. இறவாரத்தோடு சேர்த்து 150 சதுர மீட்டர் கூரைக்கு அதே மழையில் விநாடிக்கு 4 லிட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு 100 மி.மீ. இறக்குகுழாய் வைத்தால் ஒன்று அடைத்தாலும் மற்றது சமாளிக்கும். குழாயை ஃபுட்டிங் அருகே முடிக்காமல் மூடிய குழாயாகவே பள்ளம் வரை கொண்டு போய், பெரிய கற்களைப் பரப்பிய இடத்தில் விடுங்கள். வெறும் மண்ணில் விழும் தண்ணீர் ஒரே மழைக்காலத்தில் ஓடை பறித்துவிடும். பக்கத்து மனைக்குள் குவித்து விடுவது சட்டச் சிக்கல். வடிகால் எங்கே போய்ச் சேரும் என்பது பிளான் வரையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நீர் உறிஞ்சும் குழியைத் தாங்குசுவருக்கு மேலேயோ செங்குத்தான சரிவின் உச்சியிலோ தோண்டாதீர்கள். அது மண்ணுக்குள் தண்ணீர் ஏற்றும் வேலை. செப்டிக் டேங்குக்கும் அதுவே விதி. அதோடு டேங்க் மிகக் கீழே உள்ள கழிப்பறையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். 100 மி.மீ. கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 முதல் 60-க்கு 1 சாய்வு. சரிவு அதிகம் என்பதற்காகக் குழாயையும் அப்படியே சரித்துவிடாமல், இறக்கத்தை ஆய்வுத் தொட்டிகளில் செங்குத்தாக இறக்கிக்கொள்ளுங்கள். சாலை மேலே, பொதுச் சாக்கடையும் மேலே என்றால் கழிவைப் பம்ப் செய்து ஏற்ற வேண்டியிருக்கும். முன்பு சொன்ன எச்சரிக்கை இதுதான். ஆள் இல்லாத வீட்டில் கழிவுப் பம்ப் நல்ல யோசனை அல்ல, பள்ளப் பக்கம் சொந்த டேங்குக்கு இடமும் அனுமதியும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு மேடு வசதி: 10 மீட்டர் உயரம் 1 பார் அழுத்தம் தரும். ஆனால் 5,000 லிட்டர் என்பது 5 டன். வெட்டின் விளிம்பிலிருந்து தள்ளி, கெட்டித் தரையில் வையுங்கள்.

வண்டியும் வெளிப்படிகளும்

வண்டிப்பாதை 8-க்கு 1 வரை சிரமமில்லை, 5-க்கு 1 தாண்டவே கூடாது. சாலை மட்டத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும் 1.5 மீட்டர் வித்தியாசம் என்றால் 8-க்கு 1 சாய்வில் 12 மீட்டர் நீளம் போகும். செங்குத்தான பாதையின் இரு முனையிலும் 2 முதல் 3 மீட்டர் நீளத்துக்குப் பாதி சாய்வு கொடுக்காவிட்டால் வண்டியின் அடிவயிறு உரசும். நிறுத்துமிடம் 20-க்கு 1-க்கு மேல் சாயக் கூடாது. கதவு தானாகத் திறந்து குழந்தையின் கையில் மோதும். பாதை வீட்டை நோக்கி இறங்கினால், வாசலுக்கு முன் குறுக்கே கம்பிவலை மூடிய வடிகால் கட்டாயம். வண்டி திரும்ப இடமில்லாத மனையில் இரவில் பின்னோக்கியே மேடேற வேண்டியிருக்கும், வண்டி திருப்ப ஒதுக்கிய 6 மீட்டர் இடத்தைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வெளிப்படிகள் உள்ளே உள்ளதைவிடத் தாழ்வாக, 130 முதல் 150 மி.மீ. உயரமும் 350 மி.மீ.-க்குக் குறையாத மிதியும். ஒவ்வொரு மிதியும் முன்பக்கம் லேசாகச் சாய்ந்தால்தான் தண்ணீர் நிற்காது, பாசி பிடிக்காது.

காட்சியும் கிராதியும்

சரிவில் காட்சி எதிரே இல்லை, கீழே இருக்கிறது. உட்கார்ந்தவரின் கண் 1.1 முதல் 1.2 மீட்டர் உயரத்தில். பாதுகாப்புக்கு வேண்டிய கைப்பிடிச் சுவரும் 1 முதல் 1.1 மீட்டர். இரண்டும் ஒரே கோட்டில் வந்தால், காட்சிக்காக வாங்கிய மனையில் சோபாவிலிருந்து சிமென்ட் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வெளித்திண்ணையைக் கூடத்தைவிட 450 மி.மீ., அதாவது மூன்று படி, தாழ்த்துங்கள். கிராதியின் மேல்நுனி கூடத்துத் தரையிலிருந்து 0.65 மீட்டராகிப் பார்வைக்குக் கீழே போய்விடும். கிராதி மெல்லிய செங்குத்துக் கம்பிகளாக, இடைவெளி 100 மி.மீ.-க்குக் குறைவாக இருக்கட்டும். கிடைக்கம்பிகள் அழகாகத் தெரியும், குழந்தைகளுக்கு அவை ஏணி.

காட்சி மேற்குப் பக்கம் என்றால் முழுக் கண்ணாடிச் சுவர் மாலையில் உட்கார விடாது. 1.2 மீட்டர் இறவாரம் உச்சி வெயிலைத் தடுக்கும், தாழ்ந்த வெயிலைத் தடுக்காது. அதற்கு வெளியிலிருந்து இழுத்து மூடும் மரச்சட்டப் பலகைகள்தான் வழி. பூட்டிய நாட்களில் அவையே பாதுகாப்புக் கதவும் ஆகும்.

பூட்டிவிட்டுப் போகும் வீடு

தண்ணீர் முதன்மை வால்வும் மின்சார முதன்மை சுவிட்சும் வாசலுக்குள் கை எட்டும் இடத்தில். குளிர்பெட்டிக்கும் வெளிவிளக்குக்கும் தனிச் சுற்று, மற்றதெல்லாம் ஒரே சுவிட்சில் அணைய வேண்டும். தரை வடிகாலில் நாற்றத்தைத் தடுக்கத் தேங்கி நிற்கும் 50 மி.மீ. தண்ணீர், பயன்படுத்தாத வாரங்களில் உலர்ந்து சாக்கடை நாற்றத்தை உள்ளே விடும். தேவையற்ற தரை வடிகால்களைக் குறையுங்கள், இருப்பவற்றுக்கு அடைப்பான் வையுங்கள். கதவு பூட்டியிருந்தாலும் காற்றோட்டம் நிற்கக் கூடாது என்பதால் மேலும் கீழும் நிரந்தரக் காற்றுத் துளைகள், எலி நுழையாதபடி 6 மி.மீ. வலையோடு. தூண்களில் உயர்ந்து நிற்கும் பகுதியின் அடியையும் அதே வலையால் அடையுங்கள். அங்கே தொங்கும் குழாய்கள் உறைபனி உள்ள இடங்களில் வெடிக்கும், எனவே காப்புறை வேண்டும், முழுதாக வடித்துவிட வால்வும் வேண்டும்.

இரண்டு பேர் மட்டும் வரும் வாரங்களில் ஒரு தளத்தை மட்டும் திறந்து புழங்க முடிகிறதா என்று பிளானில் சரிபாருங்கள். படிக்கட்டின் தலைப்பில் ஒரு கதவு போதும். கூரை திறந்து தொடரும் அமைப்பில் அது முடியாது. ஊடாகத் தெரியும் காட்சியா, மூடக்கூடிய தளமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். சூடேற்றும் செலவு அதிகமுள்ள குளிர்ப் பகுதியில் கதவே முக்கியம். மற்ற இடங்களில் காட்சிக்கு விட்டுக்கொடுக்கலாம்.

வேலையின் வரிசை

மழைக்காலம் முடிந்ததும் தொடங்குங்கள். முதலில் 150 முதல் 200 மி.மீ. மேல்மண்ணைச் சுரண்டி ஓரமாகக் குவித்து மூடிவைக்க வேண்டும், செடி வைக்க அது திரும்ப வேண்டும். காப்பாற்ற நினைக்கும் மரத்தைச் சுற்றி, அடிமர விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்துக்கு வேலி கட்டுங்கள். பொக்லைன் அதற்குள் வரக் கூடாது. அடுத்து மேட்டு மறிப்புக் கால்வாய், வீட்டுக்கு முன்பே. பிறகு தாங்குசுவர்கள், வெட்டை ஒரே மூச்சில் முழு நீளத்துக்கும் திறக்காமல் 1.5 முதல் 2 மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்று. திறந்த வெட்டு மழையில் ஒரு இரவு கூட நிற்கக் கூடாது, தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும். அதற்குப் பின்புதான் ஃபுட்டிங், கீழிருந்து மேலாக. மேல் ஃபுட்டிங்கை முதலில் போட்டுவிட்டு அதன் காலடியில் கீழ்க்குழியைத் தோண்டினால், போட்டதன் அடிமண்ணை நீங்களே பறிக்கிறீர்கள்.

கான்கிரீட் லாரி மனைக்குள் வராது என்றால் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒரு கன மீட்டர் 2.4 டன், தலைச்சுமையில் சரிவில் இறக்கும் நேரத்தில் கலவை இறுகத் தொடங்கிவிடும். பம்ப் எங்கே நிற்கும், குழாய் எவ்வளவு நீளம் என்பதைப் பிளானிலேயே குறியுங்கள்.

வெட்டிய முகங்களில் வேலை முடிந்த வாரமே சணல் வலை விரித்து, ஆழ வேரோடும் புல்லை நடுங்கள். முதல் மழைக்காலத்தில் ஒவ்வொரு வருகையிலும் மறிப்புக் கால்வாயை அள்ளி, தாங்குசுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அடியில் எத்தனை மில்லிமீட்டர் விலகல் என்று சுவரிலேயே தேதியோடு எழுதிவையுங்கள். எண் மழைக்குப் பிறகும் மாறாமல் இருந்தால் சரி; வருகைக்கு வருகை கூடிக்கொண்டே போனால் பொறியாளரை உடனே கூப்பிடுங்கள், அதுவரை சுவருக்குக் கீழே யாரும் உட்காரவோ வண்டி நிறுத்தவோ வேண்டாம்.